அங்காடியும் மார்க்கெட்டும்



திருவனந்தபுரம் புகைவண்டி நிலையத்தில் இறங்கிக் கோட்டையை நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் பழவங்காடி என்னும் இடம் வரும். அங்கே எழுந்தருளியிருக்கும் கணபதிக்குத் தேங்காய் உடைக்கும் ஓசை நாள்தோறும் கேட்டுக்கொண்டேயிருக்கும். வடக்கிலிருந்து புதிதாக வரும் தமிழர் ஒருவர் அவ்விடத்தின் பெயரைப் படித்தால், பழம் விற்கும் அங்காடி போலும் என்றே முதலில் எண்ணுவார். அவரது எண்ணத்திற்கு இலக்கணமும் தடை சொல்லாது. 'பழ' என்பதோடு 'அங்காடி' சேருமிடத்து இடையே வகர உடம்படுமெய் தோன்றிப் பழவங்காடி என்றாகும். ஆனால் பழமொழி, பழவினை என்னும் சொற்களிற்போலப் 'பழ' என்பது பழமையையும் குறிக்குமன்றோ? ஊரார் கொள்ளும் பொருள் பழைய அங்காடி என்பதே. கண்ணூர் மாவட்டத்திலும் இதே பொருளுடைய பழயங்காடி என்னும் ஊர் ஒன்று உண்டு.

ஒரு சொல் பல பொருள் தருவதும், ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதும் எல்லா மொழிக்கும் இயல்பு. நம் முன்னோர் இவற்றைத் தனித்தனியே வகுத்து வைத்தனர். சேந்தன் திவாகரம் என்னும் நிகண்டின் முதற் பகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பவை. அதன் 11ஆம் தொகுதியோ ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. பல பொருள் தரும் சொல்லில் எப்பொருளைக் கொள்வது என்பதற்குத் தொல்காப்பியர் வழி காட்டுகிறார். அச்சொல்லோடு வரும் வினை, அதற்கு இனமான சொல், அது நிற்கும் சார்பு ஆகியவற்றை நோக்குக என்பது அவர் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, நாம் அனைவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை இன்று ஆராய்வோம். மார்க்கெட் என்பதே அச்சொல்.

'அவர் மார்க்கெட்டுக்குப் போனார்' என்றால் அஃது ஓர் இடம். 'அந்த நடிகருக்கு மார்க்கெட் போய்விட்டது' என்றால் அது மதிப்பு. இரு தொடரிலும் வினை ஒன்றே; முன்னதில் ஆள் போகிறார், பின்னதில் மார்க்கெட்டே போய்விடுகிறது! 'இன்று மார்க்கெட் இறங்கிவிட்டது' என்பார் பங்கு வாங்கி விற்பவர். அங்கே அது விலை. 'அரபு நாடுகள் நம் ஏலத்திற்கு நல்ல மார்க்கெட்' என்பார் ஏற்றுமதி வாணிகர். அங்கே அது கொள்வார் வாழும் நாடு. 'அந்த மருந்து இப்போது மார்க்கெட்டில் இல்லை' என்பார் மருந்துக் கடைக்காரர். அவர் குறிப்பது ஒரு கடையையோ தெருவையோ அன்று, விற்பனை உலகம் முழுவதையும். கல்யாண மார்க்கெட் என்றுகூடச் சிலர் கூசாமற் பேசுகின்றனர்.

இத்தொடர்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். அவர் கடைத்தெருவுக்குப் போனார். அந்த நடிகருக்கு மவுசு குறைந்தது. பங்குகளின் விலை இறங்கிற்று. நம் ஏலத்தை விரும்பி வாங்குவோர் அரபு நாட்டினர். அந்த மருந்து கடைகளிற் கிடைப்பதில்லை. ஆங்கிலச் சொல் ஒன்று நின்ற இடத்தில் தமிழ் ஐந்து வேறு முறையிற் பேசுகிறது. அகலமான சொல்லுக்கு ஒரு பயன் உண்டு. எங்கு வேண்டுமாயினும் அது பொருந்தும். அதனாலேயே அதற்கு ஒரு குறையும் உண்டு. எங்கும் பொருந்துவது எதையும் கூர்மையாகக் காட்டுவதில்லை.

மார்க்கெட் என்பதன் மூலம் இலத்தீன் மொழியில் வாணிகத்தையும் வணிகர் கூட்டத்தையும் குறித்த மெர்க்காட்டுஸ் என்னும் சொல். விற்பனைப் பண்டத்தைக் குறிக்கும் மெர்க்ஸ் என்பது அதற்கும் அடி. வணிகரைக் குறிக்கும் மெர்ச்சென்ட், வாணிபத்தைக் குறிக்கும் காமர்ஸ் ஆகியவை அதன் உறவினர். ஆங்கிலத்திலும் இதற்குத் தோழமைச் சொற்கள் பல உள. பேர் என்பது விழாநாளைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் தேர்த் திருவிழாக் கடைகளை நினைவூட்டுவது. பஜார் பாரசீகத்திலிருந்து போயிற்று. எம்போரியம் என்பது கிரேக்கர் கடல்வாணிகப் பட்டினத்திற்கு இட்ட பெயர். நம் காவிரிப்பூம்பட்டினத்தைத் தாலமி என்னும் பண்டைய நிலநூலார் அப்பெயராற் குறிப்பிட்டார். தமிழ்நாட்டரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையங்கள் இன்று பூம்புகார் என்னும் பெயர் தாங்கி நிற்பது எவ்வளவு பொருத்தம்!

இனி, தமிழின் பண்டசாலையைத் திறந்து பார்ப்போம்.

அங்காடி என்பது சங்க காலம் தொட்டு வழங்கும் சொல். மதுரைக்காஞ்சி பகலில் நிகழும் கடைகளை நாளங்காடி என்றும், இரவில் நிகழும் கடைகளை அல்லங்காடி என்றும் பிரித்துக் காட்டும். சிலப்பதிகாரம், புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே இருந்த நாளங்காடியைப் பேசும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் பசார் மாலாம் என்று சொல்லி மாலையில் கூடும் கடைகளுக்குச் செல்கின்றனர். மலாய் மொழியில் அதன் நேர்ப்பொருள் இரவுக் கடைத்தெரு, நம் அல்லங்காடியேதான்.

சந்தை என்பது நாளோடு பிணைந்த சொல். திங்கட்கிழமைச் சந்தை, வியாழக்கிழமைச் சந்தை என்று அது வாரத்தில் ஒருநாள் கூடும்; மாலையிற் கலையும். மறுநாள் அங்கே வெறும் திடலே இருக்கும். மணப்பாறையும் பொள்ளாச்சியும் மாட்டுச் சந்தைகளாற் புகழ்பெற்ற ஊர்கள். 'சந்தைக்கு வந்தவன் வழிக்குத் துணையா?' என்னும் பழமொழியின் சுவை, சந்தை என்பது கூடிக் கலைவது என்று அறிந்தவர்க்கே புலப்படும். அவ்விடத்தில் மார்க்கெட் என்று போட்டுப் பாருங்கள், பழமொழி உயிரிழந்துவிடும்.

மண்டி என்பது வடமாநில மொழிகளிலிருந்து வந்து நம்மிடம் குடியேறிய சொல். அரிசி மண்டி, வாழைக்காய் மண்டி என்னும்போது மொத்த வாணிபமும் தரகும் உடன் நினைவுக்கு வரும். தில்லியில் வாழும் நேயர்களுக்கு ஆசாத்பூர் மண்டி தெரிந்ததே. பேட்டை என்பது கடைகளும் குடியிருப்பும் சேர்ந்து வளர்ந்த இடம். சைதாப்பேட்டை, இராணிப்பேட்டை முதலிய ஊர்ப்பெயர்களில் அது நிலைபெற்றிருக்கிறது. பெங்களூரில் வாழ்வோர் அக்கிப்பேட்டையைக் கடக்கும்போது, அக்கி என்றால் கன்னடத்தில் அரிசி என்பதை எண்ணிப் பார்க்கலாம். தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு. பின்னர் மாடு விற்கும் இடத்திற்கும் பெயராயிற்று. மதுரை மாட்டுத்தாவணியில் இன்று நிற்பவை பேருந்துகள். ஆயினும் பெயரளவில் மாடுகள் அங்கே கட்டப்பட்டேயிருக்கின்றன.

ஆவணம் என்னும் சொல்லின் கதை இன்னும் வியப்பானது. பழந்தமிழில் அது கடைவீதியைக் குறித்தது. உரிமைச் சீட்டு என்னும் பொருளும் அதற்கு உண்டாகி, இன்று அலுவலகப் பத்திரங்களுக்கு மட்டுமே அது வழங்குகிறது. கடைவீதி, பத்திரப் பதிவு நிலையத்திற்குள் புகுந்துவிட்டது எனலாம்.

கடை என்பதோ எளிமையிலும் எளிமையான சொல். வாயில், முடிவு, இழிவு, விற்பனை இடம் என எத்தனை பொருள்! தலைக்கடை, கடைசி, கடையன், கடைத்தெரு என்னும் நான்கிலும் அதனைக் காண்கிறோம். தேங்காய் உடைக்கும் பழவங்காடிக் கணபதியை நினைத்தவுடன், 'கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததுபோல' என்னும் பழமொழியும் நினைவுக்கு வருகிறது. அங்கே அடியவர் தம் சொந்தத் தேங்காயையே உடைக்கின்றனர் என்பதையும் உடனே சொல்லிவிடுதல் நலம்.

இவ்வாறு அடுக்கிக் காட்டுவது சொல்வளத்தைப் பெருமையாகப் பேசுதற்கு அன்று. சந்தை என்னும் சொல்லுக்குள் ஒரு நாள் இருக்கிறது. அல்லங்காடிக்குள் இரவு இருக்கிறது. மண்டிக்குள் மூட்டைகளும் தரகரும் இருக்கின்றனர். பேட்டைக்குள் ஒரு குடியிருப்பு இருக்கிறது. தாவணிக்குள் ஒரு கயிறு இருக்கிறது. இத்தனையையும் மார்க்கெட் என்னும் ஒரே சொல்லால் நிரவிவிடும்போது நாம் இழப்பது ஐந்தாறு சொற்களை மட்டும் அன்று. அவை காட்டிய வேற்றுமைகளையும் இழக்கிறோம்.

ஆங்கிலேயரே இதனை உணர்ந்தனர் என்றால் வியப்பாயிருக்கும். தென்னாட்டில் ஆட்சிபுரிந்த அவர்கள் வாரச் சந்தைகளைக் கண்டபோது, தங்கள் மார்க்கெட் என்னும் சொல் அதற்கு நிறைவு தருவதாகத் தோன்றவில்லை. ஆகவே நம் சந்தையையே 'சாண்டி' என்று திரித்துத் தம் மொழியில் எழுதிக்கொண்டனர். மாவட்டக் கையேடுகளில் அச்சொல்லைப் பரக்கக் காணலாம். தென்னாட்டு ஆங்கிலச் செய்தித்தாள்களில் அஃது இன்றும் வழங்குகிறது. மார்க்கெட் என்னும் சொல்லுக்கு உரியவர் நம்மிடம் சந்தையைக் கடன் வாங்கினர். சந்தைக்கு உரிய நாம் அதனை மறந்து மார்க்கெட் என்கிறோம். வாணிகத்தில் இதனை ஆதாயம் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதமாட்டார்.

மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். 'அங்காடி' நமக்கு ஏட்டுச் சொல்லாய்விட்டது. பல்பொருள் அங்காடி போன்ற பெயர்ப் பலகைகளிலும், 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படத்தின் பெயரிலும் அதனைப் படிக்கிறோம். வீட்டுப் பேச்சில் 'அங்காடிக்குப் போய்வருகிறேன்' என்பார் அரியர். ஆனால் மலையாளத்தில் அது இன்னும் வாயிற் பயிலும் சொல். தேங்காய் அவர் நாவில் தேங்ஙா ஆவதுபோல, அங்காடி அங்ஙாடி ஆகிறது, அவ்வளவே வேற்றுமை. கோழிக்கோட்டில் வலியங்காடி உண்டு. அங்காடிப்புறம், பரப்பனங்காடி, திரூரங்காடி என ஊர்ப்பெயர்கள் தொடர்கின்றன. நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடை அங்ஙாடிக்கடை. நம் சிட்டுக்குருவி அவர்களுக்கு அங்ஙாடிக்குருவி. ஊரறிந்த செய்தியை அங்ஙாடிப்பாட்டு என்பர். வெளியிலே தோற்றவன் வீட்டிலே சினம் கொள்வதை, அங்காடியில் தோற்றால் அம்மாவிடம் என்னும் பொருள்பட ஒரு பழமொழியாகவும் சொல்வர்.

நம்மிடமும் ஒரு பழமொழி உண்டு. அங்காடிக்காரியைச் சங்கீதம் பாடச் சொன்னால் வெங்காயம், கறிவேப்பிலை என்று பாடுவாளாம். அங்காடிக்காரி ஒரு காலத்தில் நம் தெருவில் நடமாடியவள் என்பதற்கு அதுவே சான்று. கன்னடத்திலும் துளுவிலும் தெலுங்கிலும் அங்கடி என்றால் கடை. பர்ரோ, எமனோ ஆகிய இரு பேரறிஞர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியில் இவை அனைத்தும் ஒரே குடும்பமாக ஓரிடத்தில் வைக்கப்பட்டுள்ளன. நாம் பரணில் ஏற்றி வைத்த பாத்திரத்தில், அடுத்த வீட்டார் இன்றும் சமைத்துக்கொண்டிருக்கின்றனர்.

பழவங்காடியைக் கடந்து கிழக்கே கோட்டை வாயிலை அடைந்தால், எதிரே கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் கடைத்தெருவைக் காணலாம். சாலை என்பது அதன் பெயர், மலையாளத்தில் சால. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் அதனை வளர்த்தெடுத்தார். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்து வாழ்கின்றனர். பாடசாலை, தருமசாலை, தொழிற்சாலை, நெடுஞ்சாலை என்று நமக்குச் சாலைகள் பல. திருவனந்தபுரத்தார்க்கோ வெறும் சாலை என்றால் கடைத்தெருவே.

வழியைக் குறிக்கும் சொல் கடைத்தெருவுக்குப் பெயராதல் விந்தை என்று எண்ண வேண்டா. இன்று நகரந்தோறும் எழும் பெரும் வணிக வளாகங்களை மால் என்கிறோம். அச்சொல்லின் வரலாறும் இத்தகையதே. இலண்டனில் மரப்பந்தை அடித்து விளையாடிய நீண்ட பாதைக்கு மால் என்பது பெயர். பின் அது மக்கள் உலாவும் நிழல்வழியாயிற்று. பின் கடைகள் நிறைந்த நடைவழியாயிற்று. முடிவில் குளிரூட்டிய கட்டடமாயிற்று. தமிழில் மால் என்றால் திருமால். மயக்கம் என்பதும் ஒரு பொருள். அந்த வளாகத்துள் நுழைந்து பை நிறையப் பொருளோடும் வெறும் சட்டைப் பையோடும் வெளிவருவோர், இவ்விரண்டில் எப்பொருள் பொருந்தும் என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தச் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே தமிழில் எழுதியவர் ஆ. மாதவன். 1934இல் பிறந்து 2021இல் மறைந்த அவருக்கு, 2015ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு 'இலக்கியச் சுவடுகள்' என்னும் நூலுக்காகக் கிடைத்தது. தாம் கண்ட சுமைகூலிகளையும் சிறுவணிகரையும் வழிப்போக்கரையும் வைத்து அவர் எழுதிய தொகுதிக்கு இட்ட பெயர் 'கடைத்தெருக் கதைகள்'. மலையாளம் சூழ்ந்த ஊரில் வாழ்ந்தவர், அத்தெருவின் உயிரைத் தமிழ்ச் சொல்லிலேயே காட்டினார். பிற மொழி சூழ வாழ்வது தாய்மொழி தேய்வதற்குக் காரணம் என்று நாம் வருந்திச் சொல்வதுண்டு. அவ்வாறு தேய்ந்தே தீரவேண்டும் என்பது இயற்கை விதி அன்று என்பதற்கு இத்தெருவே சான்று.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. எல்லைக்கோடு இடையே வந்தது. ஆயினும் சொற்கள் அனுமதிச் சீட்டு இன்றியே போய்வந்துகொண்டிருக்கின்றன. மலையாளத்தில் கடைத்தெருவைக் குறிக்கும் கம்போளம் நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றிலும் வழங்குகிறது. சாலையிலே கொத்துவால் தெரு என்று ஒன்று உண்டு. சென்னையிலே கொத்தவால் சாவடி உண்டு. நகரக் காவலையும் கடைவீதியையும் மேற்பார்த்த பழைய அதிகாரியின் பெயர் இரண்டிலும் ஒலிக்கிறது. சென்னையிலே நூலகத்திற்குப் பெயராக நிற்கும் கன்னிமாரா பிரபு, திருவனந்தபுரம் பாளையத்திலே மார்க்கெட்டுக்குப் பெயராக நிற்கிறார்.

ஆகவே வேற்றுச் சொல் எதுவும் நம் வாசலை மிதிக்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. மண்டியும் பஜாரும் வெளியிலிருந்து வந்தவையே; வந்து, தமக்கென ஒரு வேலையை ஏற்றுக்கொண்டன. மார்க்கெட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். சந்தைப் பொருளாதாரம், பங்குச் சந்தை என்று ஆங்கிலக் கருத்தை ஏற்று நம் சந்தையும் அகன்றிருக்கிறது. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உழவர் சந்தைகள் தொடங்கப்பட்டபோது, அப்பழஞ்சொல் புதிய பணியும் பெற்றது. வருகின்ற சொல் ஒரு வேலையைச் செய்தால் அது விருந்து. ஐந்து பேர் செய்த வேலையைப் பறித்து அரைகுறையாகச் செய்தால் அது விருந்து ஆகாது.

பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். விடுமுறைக்கு ஊர் செல்லும் குழந்தையிடம் பாட்டி, 'இன்று சந்தை' என்கிறாள். எந்த இடம் என்று குழந்தை கேட்கிறது. பாட்டி சொன்னதோ நாளை! மார்க்கெட் என்னும் சொல்லை மட்டும் அறிந்த குழந்தைக்கு, கடைத்தெரு என்பது ஒரு கிழமையாகவும் இருக்கக்கூடும் என்பது தெரியவில்லை. இருவரும் பேசுவது தமிழே. ஆயினும் நடுவே ஒரு சொல்லின் அளவு இடைவெளி விழுந்துவிட்டது. இத்தகைய சிறு இடைவெளிகள் பல சேர்ந்தால், பாட்டி பேசுவதைக் குறைத்துக்கொள்வாள். குழந்தை கேட்பதை நிறுத்திக்கொள்ளும். மொழி வீட்டை விட்டு வெளியேறுவது இந்த வழியாகத்தான்.

இதற்கு மருந்து தொலைவில் இல்லை. நாம் வாழும் ஊரின் மொழியே உதவும். கேரளத்தில் சந்த, கன்னட நாட்டில் சந்தெ, ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சந்த என்று வாரச் சந்தையை நம் அண்டையார் நம் சொல்லாலேயே அழைக்கின்றனர். மராத்தியர் ஆட்டவடே பஜார் என்றும், வங்காளிகள் ஹாட் என்றும் அதே பொருளுக்குத் தனிச்சொல் வைத்துள்ளனர். தலைநகரில் வாழ்வோர் 1994இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட்டுக்குப் போகும்போது, ஹாட் என்றால் சந்தை என்று குழந்தைக்குச் சொல்லலாம். இந்தச் சந்தை மட்டும் நாள்தோறும் கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அண்டை மொழியைக் கூர்ந்து கேட்பவருக்குத் தம் மொழி மறவாது. மறந்த சொல் ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து அழைக்கும்போது, அதனை அடையாளம் கண்டுகொள்ளும் காது மட்டுமே வேண்டும்.

அடுத்தமுறை பையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படும்போது, வீட்டாரிடம் சொல்லும் அந்த ஒரு சொல்லைச் சற்றே எண்ணிச் சொல்வோம். தெருவில் வரிசையாக உள்ள கடைகளுக்கென்றால் கடைத்தெரு. வாரத்தில் ஒருநாள் கூடுவதென்றால் சந்தை. மூட்டையாக வாங்குவதென்றால் மண்டி. இரவில் விளக்கொளியில் விற்பதென்றால் அல்லங்காடி என்றே ஒருமுறை துணிந்து சொல்லிப் பார்ப்போம். குழந்தைகள் நகைப்பார்கள். நகைத்த பிறகு, 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு கடைக்குப் போவோம்.